தடுமாறாமல் சொன்னது

ஜனவரி 6, திங்கள்

என் உதவியாளர் ஃபர்சானா பொங்கலோடு வேலையை விடுகிறாள். கணவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. இனிப்பு டப்பாவை நீட்டிக்கொண்டே, "ரிவியூ மீட்டிங்தான் மேடம் எனக்குக் கவலை. உங்களுக்காக இனிமே யார் பேசுவாங்க?" என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. தோல் ஆலைகளின் கழிவுநீரெல்லாம் குழாய் வழியாக எங்கள் நிலையத்துக்கு வந்து சேர்கிறது. சுத்திகரித்து விடுவது எங்கள் வேலை. நிலையத்தின் ஆய்வகத்துக்கு நான் தலைவி. மாதக் கடைசியில் ஆலை முதலாளிகள் கூடும்போது ஆய்வகத்தின் சார்பில் ஒருவர் திரையில் படம் போட்டுப் பேச வேண்டும். ஸ்லைடுகளை நான் தயாரிப்பேன், ஃபர்சானா எழுந்து நின்று பேசுவாள். கேள்வி வந்தால் நான் உட்கார்ந்தபடியே அவளிடம் பதிலை முணுமுணுப்பேன். "மேடத்துக்குத் தொண்டை சரியில்லை" என்று முதல் தடவை அவள் சொன்ன பொய் அப்படியே வழக்கமாகிவிட்டது. "தொண்டை எப்படி இருக்கு வசுமதி மேடம்?" என்று முதலாளிகளின் தலைவரே தேநீர் இடைவேளையில் விசாரிப்பார்.

எம்.ஃபில். வாய்மொழித் தேர்வில் என் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்து விழுந்தது. அதன் பிறகு கல்லூரி வேலைக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை. குடுவைகள் எதிரில் உட்கார்ந்து முறைப்பதில்லை.

ஜனவரி 9, வியாழன்

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பேசுவதற்கு முன் போட்டுக்கொண்டால் நெஞ்சு படபடக்காதாம். "குரல்?" என்றேன். "அது உங்க கையிலதான்" என்றார். இதைச் சொல்ல ஏழு வருடம் படித்திருக்கிறார்.

பீரோ சாவியைக் காணோம். கணவர் குமரேசன் தன் பழைய வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எப்படி அங்கே போனது என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லா ஆலைகளும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தோலிலிருந்து உதிர்ந்த முடியும் சவ்வும் சுண்ணாம்பும் சேர்ந்து இரண்டாம் நம்பர் தொட்டியின் பம்பு வாயை அடைத்துக்கொண்டன. ஏணி வைத்து யாராவது இறங்கிக் கையால்தான் எடுக்க வேண்டும்.

"மேடம், ஏகாம்பரம் பேசறேன். ரெண்டாம் நம்பர் அடைச்சுக்கிச்சு. எறங்கட்டா?"

ஆய்வகம் 'சரி' என்று சொல்லாமல் யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது என்பது விதி. இறங்குவது பெரும்பாலும் ஏகாம்பரம்தான். எனக்குப் போன் செய்து கேட்காமல் ஒருமுறைகூட இறங்கியதில்லை. உள்ளே இருக்கும் வாயுவை அளக்கும் மீட்டர் தீபாவளியோடு செத்துப்போனது. புதிது வாங்க முதலாளிகளின் கூட்டத்தில் ஒப்புதல் வேண்டும். அதுவரை நானே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். லெட் அசிடேட் கரைசலில் நனைத்த தாளை நூலில் கட்டித் தொட்டிக்குள் இறக்குவேன். தாள் கருத்தால் உள்ளே விஷ வாயு இருக்கிறது என்று அர்த்தம்.

"இன்னா மேடம், மீன் புடிக்கிறீங்களா?" என்றார் ஏகாம்பரம்.

தாள் கருத்து வந்தது. காற்றை ஊதிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றேன். சூப்பர்வைசர் பக்தவத்சலம் சலித்துக்கொண்டார். "வாசமே இல்லையே மேடம். காலையில முட்டை அழுகின நாத்தம் கொடலைப் பொரட்டுச்சு. இப்ப சுத்தமா இல்ல. இதுக்குள்ள எறங்கி ஏறியிருக்கலாம்."

இந்த ஊரில் எல்லோரும் செய்யும் பிழை இது. பிறந்ததிலிருந்து இந்த நாற்றத்தில் வாழ்ந்தவர்கள். நாற்றம் போனால் ஆபத்து போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வாயு அதிகமாகும்போது முதலில் கொல்வது மூக்கைத்தான். வாசம் தெரியாமல் போவதுதான் எச்சரிக்கை. இதை அவரிடம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

"மூக்க நம்பாதேன்னு மேடம் சொல்லிட்டாங்கப்பா" என்றார் ஏகாம்பரம். "என் பொண்டாட்டி நேர்மாறு. மூக்க வெச்சுத்தான் என்னை வீட்டுக்குள்ள விடறதா வேணாமான்னு முடிவு பண்றா."

மாலையில் மறுபடி தாள் விட்டேன். வெள்ளையாகவே வந்தது. இறங்கினார், ஏறினார்.

மீட்டரை இந்த மாதக் கூட்டத்தில் கேட்டே ஆக வேண்டும். தாளையும் நூலையும் நம்பி ஆளை இறக்குவது சரியல்ல.

ஜனவரி 29, புதன்

கூட்டம். மாத்திரை போட்டுக்கொண்டேன். ஃபர்சானா போய்விட்டதால் நான்தான் எழுந்து நின்றேன். வணக்கம் சொன்னேன். "மைக் வேலை செய்யலையா?" என்று தலைவர் கேட்டார். மைக் வேலை செய்தது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஸ்லைடில் இருந்த எண்களை வாசித்தேன். திரையைப் பார்த்தபடியே வாசித்ததால் முதுகுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மீட்டர் பற்றிய ஸ்லைடு கடைசியில் இருந்தது. "இது என்ன?" என்றார் தலைவர். நேரம் போதவில்லை, அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

அதன் பிறகு சாப்பாடு. பிரியாணி நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

ஜனவரி 30, வியாழன்

பொது மேலாளர் சீதாபதி கூப்பிட்டார். கோபப்படவில்லை, அதுதான் சங்கடம். "மேடம், உங்க அளவுக்குக் கெமிஸ்ட்ரி தெரிஞ்சவங்க இந்த ஜில்லாவுல இல்ல. ஆனா நேத்து உங்களைப் பார்த்தவன் நீங்க ஏதோ திருடிட்டு வந்து நிக்கறீங்கன்னு நினைப்பான். சென்னையிலேர்ந்து ஒரு பயிற்சியாளரை வரவழைக்கிறேன். மறுக்காதீங்க."

"கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்ததே என்று எல்லாரும் சந்தோஷமாகத்தானே இருந்தார்கள்?" என்றேன். அவர் சிரித்தார். எனக்கு நகைச்சுவை வரும், உட்கார்ந்திருந்தால்.

பிப்ரவரி 10, திங்கள்

பயிற்சியாளர் பெயர் ஜோயல். முப்பது வயது இருக்கலாம், நல்ல காலணி. இந்த மாதிரி ஆட்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. தைரியத்தைப் புட்டியில் அடைத்து விற்பவர்கள். ஆனால் மனிதர் மரியாதையாக நடந்துகொள்கிறார்.

"முதல்ல போனை சைலன்ட்ல போட்டு, பையில வெச்சு, ஜிப்பை மூடிடுங்க மேடம். இந்த நேரம் உங்களுது. உலகம் காத்திருக்கும்."

மேல்மாடிக் கூட்ட அறையில் என்னை நிற்கவைத்துத் தன் போனில் படம் பிடித்தார். போட்டுக் காட்டினார். நெஞ்சோடு கோப்பை அணைத்துக்கொண்டு ஒரு பெண் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அது நான்தான் என்று நம்பச் சற்று நேரம் பிடித்தது.

கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் நெற்றியைப் பாருங்கள் என்றார். முயன்றேன். அவர் நெற்றியில் ஒரு தழும்பு இருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று என் சொற்களை எடுத்துக்கொண்டார்.

"'அநேகமாக'ன்னு நிறைய தடவை சொல்றீங்க. அப்படின்னா என்ன?"

"உறுதியாகத் தெரியாது என்று பொருள்."

"'எனக்குத் தெரிந்தவரை', 'இருக்கலாம்', 'சொல்ல முடியாது'. இதெல்லாம் வர்ற இடத்துலதான் உங்க குரல் நடுங்குது மேடம். கவனிச்சீங்களா? அந்த வார்த்தைகளை எடுத்துடுங்க, நடுக்கம் போயிடும்."

"தெரியாததைத் தெரியும் என்று சொல்லச் சொல்கிறீர்களா?"

"ஐயோ இல்ல. தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. தெரியாததைத்தான் யாரும் கேட்கலையே."

எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், நடுக்கம் குறைந்தது. இது ஏன் என்று யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

வீட்டில் ஒத்திகை. குமரேசன் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டே கேட்டார். மீட்டர் ஸ்லைடை முதலில் வைத்துவிட்டேன். "இந்த ஒரு கருவி இல்லாமல் ஒரு மனிதர் ஒவ்வொரு முறையும் குருட்டாம்போக்கில் இறங்குகிறார்" என்பது முதல் வாக்கியம். ஜோயல் அமைத்துக் கொடுத்தது. கொஞ்சம் நாடகம்தான், ஆனால் பொய்யில்லை.

"கணக்கு வாத்தியார் எனக்கே பயம் வந்துடுச்சு. வாங்கிக் கொடுத்துடுவாங்க" என்றார் குமரேசன்.

காலையில் நிலையத்தில் ஒத்திகை பார்த்தபோது ஏகாம்பரமும் மாடிப்படி அருகே நின்று கேட்டிருக்கிறார். "நம்ம கதைதான் ஓடுதா மேடம்? ஹீரோ நான்தானா? அப்ப ஹீரோயின் யாருன்னு பொண்டாட்டி கேப்பா."

பிப்ரவரி 25, செவ்வாய்

ஏகாம்பரம் இறந்துவிட்டார். இரண்டாம் நம்பர் தொட்டி.

நான் மேல்மாடியில் இருந்தேன். நாளைய கூட்டத்துக்குக் கடைசி ஒத்திகை. மீட்டர் ஸ்லைடை முதல் முறையாக ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் சொல்லி முடித்தேன். ஜோயல் கை தட்டினார். அப்போதுதான் கீழே கூச்சல் கேட்டது.

போகும்போது பையிலிருந்து போனை எடுத்தேன். அது பற்றிப் பிறகு.

கயிறு போட்டு மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். பக்தவத்சலம் தரையில் உட்கார்ந்து, "வாசமே இல்ல, வாசமே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 26, புதன்

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. துணி துவைத்தேன். துவைத்தவற்றையே மறுபடி ஊறவைத்துவிட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மா நிலையத்தின் கேட்டில் வந்து நின்றாள். பக்கத்து ஊர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். அழவில்லை. வெளியே வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டாள். அவர் கேட்காமல் இறங்கினார் என்று சொல்கிறார்களே, அது எப்படி?

என் வண்டியையும் மறித்தாள்.

"மேடம், நீங்கதானே அவருக்கு உத்தரவு சொல்ற மேடம்? வீட்ல உங்களப் பத்தித்தான் சொல்லிக்கினு இருப்பாரு. அவரு கேக்காம எறங்க மாட்டாரும்மா. நீங்களாச்சும் சொல்லுங்க. உங்களுக்குப் போன் பண்ணாரா?"

"நான் மீட்டிங்கில் இருந்தேன்" என்றேன்.

அது உண்மை. அவள் வண்டிக் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 3, திங்கள்

புது மீட்டர் வந்துவிட்டது. ஒப்புதல், கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை. சீதாபதி ஒரு போனில் வாங்கிவிட்டார். மஞ்சள் நிறம், கைக்கு அடக்கமாக இருக்கிறது.

என் போனில் இடமே இல்லை, மெதுவாகிவிட்டது. உட்கார்ந்து பழைய படங்கள், வாட்ஸாப் வாழ்த்துகள், அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் அழித்தேன். எவ்வளவு குப்பை சேர்கிறது.

மார்ச் 7, வெள்ளி

கோட்டாட்சியர் விசாரணைக்கு நாள் குறித்து நோட்டீஸ் வந்திருக்கிறது. நிலையத்தின் சார்பில் விளக்கம் அளிக்க வேண்டும். சீதாபதி நாற்காலியை எனக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்கதான் பேசணும் மேடம். நான் பேசினா நிர்வாகம் பேசுது. நீங்க பேசினா விஞ்ஞானம் பேசுது."

"என்ன பேசுவது?"

"பொய் ஒண்ணும் வேண்டாம். அன்னிக்கு நீங்க அனுமதி கொடுத்தீங்களா?"

"இல்லை."

"அனுமதி இல்லாம இறங்கினார். அவ்வளவுதானே?"

"மீட்டர் பழுதாக இருந்தது."

"மாற்று ஏற்பாடு இருந்ததே. தாள். நீங்களே செஞ்ச நல்ல ஏற்பாடு. அவர் காத்திருந்தா நீங்க தாளை விட்டிருப்பீங்க, கருத்திருக்கும், இறங்கியிருக்க மாட்டார். இதுல எது பொய்?"

"பக்தவத்சலம் இறங்கச் சொல்லியிருப்பார். தண்ணீர் வழிய ஆரம்பித்திருந்தது. அநேகமாக..."

"அநேகமாக" என்று அவரும் சொன்னார். "அவர் டீ குடிக்கப் போயிருந்தாராம். யார் பார்த்தா?"

விதிமீறல் இறந்தவருடையது என்று முடிவானால் வழக்கு அங்கேயே நின்றுவிடும். நிலையத்துடையது என்றால் சீல் வைப்பார்கள். இங்கே கழிவுநீரை ஏற்காவிட்டால் அத்தனை தோல் ஆலையும் நிற்கும். இதையெல்லாம் அவர் விரலை மடக்கிச் சொன்னார். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை.

அவர் என்னை ஒன்று மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

ஒத்திகை. ஜோயல் இந்த முறை அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு திருத்தம். 'ஏகாம்பரம்' என்று வரும் இடங்களில் மட்டும் குரல் உள்ளே போகிறது என்றார். எல்லா இடத்திலும் 'பணியாளர்' என்று மாற்றினோம். சரியாகிவிட்டது.

போகும்போது அவரே, "இது எனக்கு ஒரு மாதிரி இருக்கு மேடம்" என்றார். நான் அவருடைய நெற்றியைப் பார்த்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

விசாரணை நடந்தது.

கோட்டாட்சியர் ஏறக்குறைய என் வயதுப் பெண்மணி. குறுக்கே பேசாமல் கேட்டார். தொழிற்சாலை ஆய்வாளர்கள், தொழிற்சங்கத்திலிருந்து இருவர், சீதாபதி, பக்தவத்சலம். கடைசி வரிசையில் கன்னியம்மா.

மாத்திரை போடவில்லை. தேவைப்படவில்லை. எழுந்து நின்றேன், கால் இரண்டும் தரையில் நன்றாக ஊன்றியிருந்தன. தொட்டியின் வரைபடம், ஏணி இருக்கும் இடம், அனுமதி பெறும் முறை, தாள் சோதனை. இந்தத் தாள் கருத்தால் இறங்கக் கூடாது, வெள்ளையாக இருந்தால் இறங்கலாம் என்று ஒரு தாளைக் கையில் பிடித்தே காட்டினேன். கை ஆடவில்லை. சம்பவ நாளன்று பணியாளருக்கு ஆய்வகம் அனுமதி அளிக்கவில்லை. அனுமதி இல்லாத நிலையில் பணியாளர் தொட்டிக்குள் இறங்கியுள்ளார். அடுத்த ஸ்லைடு.

சங்கத்துக்காரர் ஒருவர், "மீட்டர் இருந்துச்சா இல்லையா?" என்று குரலை உயர்த்தினார். "மாற்றுச் சோதனை முறை நடைமுறையில் இருந்தது" என்றேன். ஒரு வினாடி இடைவெளி விட்டு, நிதானமாக. ஜோயல் சொல்லிக் கொடுத்த இடைவெளி. அவர் உட்கார்ந்துவிட்டார்.

என் குரலை நானே கேட்டேன். நல்ல குரல்தான். இத்தனை காலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

தலைவர் போன் செய்தார். "தொண்டை சரியாயிடுச்சு போல!" வரும் செப்டம்பரில் சென்னையில் நடக்கும் கருத்தரங்கில் பாதுகாப்பு பற்றி நான் பேச வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

சீதாபதி ஆய்வகத்துக்குக் குளிர்சாதனம் மாற்றித் தருகிறார்.

மார்ச் 27, வியாழன்

வண்டி சர்வீஸுக்குப் போயிருப்பதால் பஸ்ஸுக்கு நின்றேன். ஷூ கம்பெனி விட்டு வந்த பெண்கள் கூட்டத்திலிருந்து கன்னியம்மா பிரிந்து என்னிடம் வந்தாள். நான் திரும்பிக்கொள்வதற்குள் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"நல்லா இருக்கீங்களா மேடம்? உங்களப் பாக்கணும்னு இருந்தேன்."

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். தயாராகத்தான் இருந்தேன்.

"அன்னிக்கு நீங்க பேசினதுதாம்மா எனக்கு வெளங்குச்சு. மத்தவங்க பாதி இங்கிலீஷ்ல இன்னான்னாவோ சொன்னாங்க. நீங்கதான் படம் போட்டு, ஏணி இங்க, தொட்டி இங்க, இப்படிக் கேட்டுட்டுத்தான் எறங்கணும், இவரு கேக்கலன்னு பச்சப் புள்ளைக்குச் சொல்றாப்ல சொன்னீங்க. நான்தான் புத்தியில்லாம கம்பெனியத் திட்டிக்கினு, கேட்ல நின்னு உங்களையெல்லாம் மடக்கிக்கினு இருந்தேன். மனசுல வெச்சிக்காதீங்க."

நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். உங்கப்பனுக்கு நம்ம நெனப்பு இருந்திருந்தா ஒரு போன் பண்ணியிருப்பான். ஒரு போனு. அதுக்கு இன்னா செலவு? அவளுக்கு அப்பன்னா உசுரு. இப்ப போட்டோ பக்கமே பாக்க மாட்டேங்கறா. பரவால்ல, உண்மை தெரிஞ்சுதான் வளரணும்."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அது என் வழிப் பஸ் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

குமரேசனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். கஞ்சி வைத்தேன். அவரால் பேச முடியாததால் வீடு அமைதி. ஒரு போன் பண்ணியிருப்பான்.

ஏப்ரல் 4, வெள்ளி

இதை எழுதிவிடுகிறேன்.

ஏகாம்பரம் கூப்பிட்டார். இரண்டு தடவை. மேல்மாடியில் நான் குருட்டாம்போக்கு என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், ஜிப் மூடிய பைக்குள். முதல் அழைப்புக்கும் இரண்டாவதற்கும் நடுவில் நன்றாகவே காத்திருக்கிறார்.

அழைப்புப் பட்டியலை நான் அழித்த அன்று போனில் இடம் போதுமான அளவு இருந்தது.

ஏப்ரல் 5, சனி

கன்னியம்மாவின் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம், சந்தெல்லாம் குடங்கள். அவள் மகளின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. நாற்காலி அதற்கு எதிரில் அமைந்துவிட்டது.

வரும் வழியெல்லாம் முதல் வாக்கியத்தைத் தயார் செய்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. நெற்றியைப் பார்த்தேன். பொட்டு இல்லாத நெற்றி. அங்கேயும் பார்க்க முடியவில்லை.

"அன்னைக்கு... அவர்... நான் அங்கே சொன்னது... முழுசா இல்லை."

"இன்னாது மேடம்?"

"கூப்பிட்டார். போன். எனக்கு. நான்... எடுக்கலை."

கை நடுங்கியது. மடியில் வைத்து அழுத்தினேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். பாதி என் புடவையில் கொட்டியது.

"மெதுவா. மெதுவா குடிங்க. யாருக்குப் போன் பண்ணாருன்றீங்க?"

"எனக்கு. ரெண்டு தடவை. போன் பைக்குள்ள இருந்துச்சு. சத்தம் இல்லாம. அவர் கேட்டார் கன்னியம்மா. கேட்காம இறங்கலை. பதில் வராமதான்... யாரோ இறங்கச் சொல்லியிருக்கணும். அது எனக்குத் தெரியாது. ஆனா கேட்டார்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"எங்க, போனக் காட்டுங்க."

"அழிச்சுட்டேன்."

வெளியே ஒரு குடம் நிரம்பி வழிந்து யாரோ யாரையோ திட்டினார்கள். கன்னியம்மா நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

"உங்கள யாராவது அனுப்பினாங்களா மேடம்? சங்கத்துக்காரங்களா?"

"இல்லை."

"அன்னிக்கு அத்தினி ஆபீசருங்க முன்னாடி நின்னு ஒரு வார்த்த தடுமாறல நீங்க. இன்னிக்கு ஒத்த பொம்பள, என்கிட்ட பேசறதுக்கு இப்படி ஒதறுது. இதுல எத நான் நம்பறது, நீங்களே சொல்லுங்க?"

"இதை" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபமே இல்லை, அதுதான். என் தோளைத் தொட்டாள்.

"உங்களுக்கு மனசு தாங்கல. பாவம், எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு இப்படி ஒண்ணு சொல்றீங்க. வேணாம்மா. நான் அவரத் திட்டிட்டுத்தான் தூங்கறேன். அதயும் எடுத்துக்கினு போயிடாதீங்க."

உள்ளறைக் கதவருகே அவள் மகள் நின்றிருந்தாள். பதின்மூன்று பதினான்கு வயதிருக்கும். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"அப்பா போன் பண்ணாராம்மா?"

"நீ உள்ள போ."

அவள் போகவில்லை. அம்மாவைப் பார்க்கவுமில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பதிலுக்காக. "ஆமாம்" என்றேன். குரல் வந்ததா என்று எனக்கு இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

சீதாபதியிடம் சொல்லவில்லை, குமரேசனிடம் மட்டும் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

கோட்டாட்சியர் அலுவலகம். அறைக்கு வெளியே மேசையில் ஓர் இளம்பெண்.

"அந்தத் தொட்டி கேஸா? விசாரணைதான் முடிஞ்சு ரிப்போர்ட் டைப் ஆகுதே மேடம்."

"கையெழுத்து ஆகிவிட்டதா?"

"நாளைக்கு ஆகும்."

"நான் அன்றைக்குச் சொன்னதைத் திருத்த வேண்டும். போன் கம்பெனியில் கேட்டால் இரண்டு அழைப்பு இருக்கும். அதை... அதைச் சொல்ல வேண்டும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மேசை விளிம்பைப் பிடித்திருந்தேன், மேசைமேல் இருந்த பேனாக் குவளை கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"உடம்பு சரியில்லையா மேடம்? நடுங்குதே. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுத்துட்டு, நிதானமா இன்னொரு நாள் வாங்களேன்."

"இல்லம்மா," என்றேன், "இப்படியேதான் சொல்லணும்."